மடிக்கணினியின் வெம்மை: பழைய பொறியும் புதிய உறுப்பும்

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழிலே மடிக்கணினியின் சூடு பற்றிய கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், இன்று தமிழியல் ஆய்வு எத்தகைய கருவிகளின் துணையுடன் நிகழ்கின்றது என்பதைச் சற்று எண்ணிப்பார்ப்பின் அவ்வியப்பு நீங்கிவிடும். பழைய சஞ்சிகைகளை ஒளிவருடுதல், வருடிய பக்கங்களை எழுத்துணரி மென்பொருளினாலே தேடத்தக்க பாடமாக்குதல், சொல்லடைவு தொகுத்தல், பதிப்புகளை ஒப்புநோக்குதல் ஆகிய வேலைகள் யாவும் மாணவரது மேசையிலுள்ள ஒரு பொறியிலேயே நடைபெறுகின்றன. அப்பொறி பெரும்பாலும் புதியதன்று. பிறநாட்டு அலுவலகமொன்றில் மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்துக் கழிக்கப்பட்டு இங்கு வந்து சேர்ந்ததாகவே அது பலரிடத்து இருக்கின்றது. 2020 இல் விரிவுரைகள் இணையவழிக்கு மாறியபோது மடிக்கணினி மாணவருக்கு இன்றியமையாப் பொருளாயிற்று. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் அண்ணளவாக 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு உயர்ந்தபோது புதிய மடிக்கணினி என்பது அவர்களிற் பலருக்கு எட்டாப் பொருளாயிற்று. எனவே, கையிலிருக்கும் பழைய பொறியைக் காப்பாற்றுவது எப்படி என்ற வினா ஆய்வுக்குப் புறம்பான வினா அன்று.

பழையதாய் வந்த பொறியை நாம் அப்படியே வைத்துக்கொள்வதுமில்லை. சுழலும் வன்தட்டை அகற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துகின்றோம். 4 கிகாபைற்று நினைவகத்தை 8 ஆகவோ 16 ஆகவோ ஆக்குகின்றோம். துணிந்தவர்கள், கடைகளிலே ‘புரொசசர்’ என வழங்கும் நுண்செயலியையே மாற்றிவிடுகின்றனர். சில கிழமைகள் பொறி புத்துயிர் பெற்றதுபோல ஓடுகின்றது. பின்னர் விசிறி இரையத் தொடங்குகின்றது. விசைப்பலகையின் ஒருபுறம் விரல் வைக்க முடியாமற் சுடுகின்றது. ஒருநாள், பாதி எழுதிய அத்தியாயத்தோடு, முன்னறிவித்தலின்றி அணைந்து போகின்றது. ‘கிழட்டு உடம்புக்குப் புது உறுப்பு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தீர்ப்புக் கூறப்படுகின்றது. இத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானது என்பது எமது கருத்து. ‘பழமை’ என்னும் ஒரே சொல்லால் இருவேறு நிகழ்வுகளைக் குறித்துவிடுவதே அப்பிழைக்கு அடிப்படை என்றும் கருதுகின்றோம்.

1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்திலே பொறிகள் பற்றி ஆராயுமிடத்து, மார்க்ஸ் அவை இருவகையாகத் தேய்வதைச் சுட்டிக்காட்டுகின்றார். பயன்படுத்துவதாலும், பயன்படுத்தாது கிடப்பதாலும் பொறியின் உடல் தேய்வது ஒன்று. உடல் சிதையாதிருக்கும்போதே, அதனை மலிவாகச் செய்யவோ அதனினுஞ் சிறந்ததைச் செய்யவோ முடிந்துவிடுவதால் அதன் பெறுமதி தேய்வது மற்றொன்று. முன்னையதைப் பௌதிகத் தேய்மானம் என்றும் பின்னையதைச் சமூகத் தேய்மானம் என்றும் இங்கு வழங்குவோம். மார்க்ஸ் கருத்திற் கொண்டது தொழிற்சாலைப் பொறியும் அதன் மூலம் நிகழும் பெறுமதிப் பரிமாற்றமும் ஆகும். மாணவரது மடிக்கணினிக்கு அக்கோட்பாட்டை எழுத்துக்கெழுத்துப் பொருத்துவது முறையாகாது. எனினும் அப்பாகுபாடு எமக்குப் பயன்படும். சூடேறும் பொறியொன்றில் இவ்விரு தேய்மானங்களும் ஒரே அறிகுறியாகத் தோன்றுகின்றன. அவற்றைப் பிரித்தறிவதே நோய்நாடலின் முதற்படி.

முதலில் வெப்பத்தின் தோற்றத்தை நோக்குவோம். நுண்செயலி உட்கொள்ளும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதுமே இறுதியில் வெப்பமாகின்றது. கணக்கிடும்போது எழும் வெப்பம், செயலியின் மீடிறனுக்கு நேர்விகிதத்திலும் அதற்கு வழங்கப்படும் வோல்ற்றளவின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்திலும் அமைகின்றது. மீடிறனைக் கூட்டுவதற்குப் பொதுவாக வோல்ற்றளவையும் கூட்டவேண்டியிருப்பதால், இரண்டும் பத்து வீதம் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 33 வீதம் உயரும். இக்கணக்கைப் பின்னர் மறுதலையாகப் பயன்படுத்துவோம்.

இவ்வெப்பம் வெளியேறும் பாதை ஒரு சங்கிலி. சிலிக்கன் சில்லிலிருந்து பசைக்கும், பசையிலிருந்து செப்புத்தகட்டுக்கும், அதிலிருந்து வெப்பக்குழாய் வழியாக மெல்லிய தகட்டடுக்குக்கும், அவ்வடுக்கினூடே விசிறி ஊதும் காற்றுக்கும் அது கைமாறுகின்றது. வெப்பக்குழாய் வெறும் செப்புக் கம்பியன்று. காற்றகற்றி மூடப்பட்ட அக்குழாயினுள் மிகச் சிறிதளவு நீர் உண்டு. சூடான முனையில் அந்நீர் ஆவியாகி, குளிர்ந்த முனையில் ஒடுங்கி, உட்சுவரின் நுண்துளைகள் வழியாக மீண்டும் ஊறி வருகின்றது. குழாய் நசுங்கினாலோ வெடித்தாலோ இச்சுழற்சி நின்றுபோகும். பார்வைக்குச் செப்பு செப்பாகவே இருக்கும்.

பசை பற்றி நிலவும் தப்பெண்ணமொன்றை இங்கேயே களைதல் நன்று. பசை குளிர்விக்கும் மருந்தன்று. செப்பின் வெப்பக் கடத்துதிறன் மீற்றருக்கும் பாகைக்கும் ஏறத்தாழ 400 வாற்று, காற்றினது 0.026 மட்டுமே. நல்ல பசைகள் இவ்விரண்டுக்கும் இடையில், மிகக் கீழேயே, சில வாற்று என்ற அளவில் நிற்கின்றன. அதாவது பசை செப்பினும் மிகத் தாழ்ந்த கடத்தி. கண்ணுக்குச் சமதளமாகத் தோன்றும் இரு மேற்பரப்புகளுக்கிடையே உள்ள நுண்குழிகளிற் காற்று தங்காதவாறு தடுப்பதே அதன் பணி. ஆதலால் அது அதிகமாயின் தீமை. உலர்ந்து வெடித்தாலும், சூடாறிச் சூடாறி விளிம்பு நோக்கி நகர்ந்து நடுவிடம் வெறுமையானாலும் தீமை. பத்து ஆண்டு கடந்த பொறியில் இவற்றுள் ஒன்று நிகழாதிருப்பது அரிது.

இனிப் புதிய உறுப்புக்கு வருவோம். லெனோவோ நிறுவனம் 2012 இல் வெளியிட்ட திங்க்பாட் ரி430 பலரறிந்த மாதிரி. அதிற் பரவலாக இடம்பெற்ற இன்டெல் ஐ5-3320எம் இரு கருக்கள் கொண்டது. அதன் வெப்பக்கணிப்பு 35 வாற்று. அதே பொருத்துவாயிற் பொருந்தக்கூடிய நாற்கரு ஐ7-3740கியூஎம் 45 வாற்றுக்குரியது. பத்து வாற்றுத்தானே என்று தோன்றும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25 பாகை அறையில் 35 வாற்று வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டு செயலி 85 பாகையில் நிற்பதாகக் கொள்வோம். அறையைவிட 60 பாகை கூடுதல். வாற்றுக்கு ஏறத்தாழ 1.7 பாகை. குளிர்விப்புப் பகுதி மாறாதிருக்க, வெப்பம் 45 வாற்றானால் கூடுதல் 77 பாகையாகும். செயலி 102 பாகையைத் தொடும். அதே பொறியை 32 பாகை வெயிலறைக்குக் கொண்டுபோனால் 109. இச்செயலிகளின் உச்ச எல்லையோ 105 பாகை. எல்லையை நெருங்கியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது. அதுவும் போதாதவிடத்துத் தன்னைக் காக்கும்பொருட்டு மின்னைத் துண்டிக்கின்றது. விலைகொடுத்து வாங்கிய நான்கு கருக்களும், இரு கருக்களின் வேகத்தைக்கூடத் தராது தடுமாறுவது இங்ஙனந்தான். புதிய உறுப்பில் குறையில்லை. பழைய விசிறியிலும் குறையில்லை. அவற்றுக்கிடையேயான விகிதமே குலைந்திருக்கின்றது. அதே தலைமுறையின் ஐ7-3632கியூஎம் நான்கு கருக்களை 35 வாற்றுக்குள் அடக்குகின்றது. உச்ச வேகம் சற்றுக் குறைவு. எமது வெப்பநிலைக்கு இதுவே ஏற்றது என்போம்.

நுண்செயலியைத் தொடாதவர்களும் இவ்விடரிலிருந்து தப்புவதில்லை. எஸ்.எஸ்.டி. பொருத்தியபின் பொறி சூடேறுவதாகக் கூறுவோர் எஸ்.எஸ்.டி.யையே ஐயுறுகின்றனர். சாற்றா வகை எஸ்.எஸ்.டி. வெளியிடும் வெப்பம் மிகக் குறைவு. சுழலும் தட்டு தரவைத் தேடிக் கொடுக்கும்வரை செயலி முன்னர் காத்துக்கிடந்தது. அக்காத்திருப்பே அதன் ஓய்வு. தட்டு அகன்றதும் அவ்வோய்வும் அகன்றுவிடுகின்றது. நினைவகத்தைப் பெருக்கினாலும் இதே விளைவு. ஒரு நிமிடத்துக்குச் செய்யும் வேலை கூடுகின்றது, வெப்பமும் கூடுகின்றது. தொழிற்சாலையில் ஒரு பிரிவின் தாமதம் நீங்கும்போது அடுத்த பிரிவின் தொழிலாளிக்கு மூச்செடுக்க நேரமற்றுப் போவதை அறிந்தோருக்கு இது புதிதன்று.

நோய்நாடலுக்கு வெப்பமானியே போதும். அது பொறிக்குள்ளேயே இருக்கின்றது. விண்டோஸில் எச்.டபிள்யூ.இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற மென்பொருள்கள் செயலியின் வெப்பநிலை, வேகம், விசிறியின் சுழற்சி ஆகியவற்றைக் காட்டும். லினக்ஸிலும் அதற்கான கருவிகள் உண்டு. பலரும் உச்ச எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திகைக்கின்றனர். உச்ச எண் சொல்வது சிறிது. எவ்வளவு நேரத்தில் ஏறியது, எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்பனவே மிகுதியைச் சொல்கின்றன.

கடும் வேலையைத் தொடங்கிய சில செக்கன்களிலேயே 50 இலிருந்து 95 க்குத் தாவி, வேலையை நிறுத்தியதும் அதே விரைவில் இறங்கினால், வெப்பம் செப்பைச் சென்றடையவேயில்லை; சில்லுக்கும் தகட்டுக்குமிடையிலான தொடுகை கெட்டிருக்கின்றது. பத்துப் பதினைந்து நிமிடங்களாக மெல்ல மெல்ல ஏறி, மெல்ல மெல்லவே இறங்கினால், தொடுகை நன்று, காற்றோட்டமே தடைப்பட்டிருக்கின்றது. வெளியேறும் காற்றிலே கைவைத்துப் பார்ப்பதும் பயன்தரும். செயலி கொதிக்கையில் வெளிக்காற்று இளஞ்சூடாக இருந்தால் வெப்பம் வழியில் எங்கோ நின்றுவிட்டது. வெளிக்காற்று வலுவாகவும் மிகுந்த சூடாகவும் வந்தால் குளிர்விப்பு தன் கடமையைச் செய்கின்றது, சுமைதான் மிகை. கருக்களுள் ஒன்று மட்டும் ஏனையவற்றைவிடப் பதினைந்து இருபது பாகை உயர்ந்து நின்றால் தகடு சரிந்து அமர்ந்திருக்கின்றது என ஐயுறலாம். ஒன்றுஞ் செய்யாதிருக்கும்போதே சூடெனில், முதலிற் பார்க்கவேண்டியது திருகாணியையன்று. பின்னணியில் எந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கின்றது என்பதையே. வெப்பநிலை 60 இல் இருக்கும்போதே பொறி அணைந்தால் அது வெப்பப் பிரச்சினையே அன்று. பற்றறியையும் மின்வழங்கியையும் நினைவகத்தையும் நோக்கவேண்டும். 65 வாற்று வழங்கியோடு வந்த பொறியில் நாற்கருச் செயலியை இட்டுவிட்டு, வழங்கியை மாற்ற மறந்தவர்களை நாம் அறிவோம்.

எமது சொந்த அனுபவமொன்றை இங்குக் கூறலாம். அதிலே எமது தவறும் உண்டு. பழைய இதழ்களை எழுத்துணரிக்கு உட்படுத்தும் வேலைக்காக, நினைவகமும் செயலியும் மாற்றப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்று எமக்குக் கிடைத்தது. நாற்பது பக்கம் தாண்டுமுன் அது அணைந்துவிடும். திருத்துநர் ஒருவர் தாய்ப்பலகை போய்விட்டது என்றார். அளந்து பார்த்தோம்: வேலை தொடங்கி ஆறு செக்கனில் 97 பாகை, வெளிக்காற்றோ இளஞ்சூடு. மேலே கூறிய அளவுகோலின்படி தொடுகைதான் குற்றவாளி என்று அப்போதே முடிவு செய்திருக்கவேண்டும். ஆயினும் தூசிதான் காரணமென்று முன்னரே மனத்தில் வரித்துக்கொண்டுவிட்டோம். திறந்தபோது விசிறிக்கும் தகட்டடுக்குக்கும் இடையே கம்பளித் துண்டுபோலத் தூசி படிந்திருந்ததும் எம்மை மேலும் உறுதிப்படுத்திற்று. துடைத்து மூடினோம். நாற்பதாம் பக்கத்துக்குப் பதிலாக ஐம்பத்தைந்தாம் பக்கத்தில் அணைந்தது.

கண்ணிற்பட்ட காரணத்தைப் போதிய காரணமென்று கொள்வது இலக்கிய ஆய்வில் எம்மவர் அடிக்கடி செய்யும் பிழை. திருகாணி முடுக்கும்போதும் அது எம்மை விட்டு நீங்கவில்லை. மீண்டும் திறந்து, இம்முறை செப்புத்தகட்டையே கழற்றினோம். சில்லின்மேற் பசையின் பதிவு ஒரு மூலையில் மட்டும் அழுந்தியிருந்தது. எஞ்சிய பகுதியில் பசை இட்டது இட்டபடியே தடித்துக் கிடந்தது. பிரதியொன்றின் ஓரத்திலுள்ள மைக்கறையைப் போல அப்பதிவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. செயலியை மாற்றியவர், அருகிலுள்ள சிறு சில்லின்மேல் இருந்த 1 மில்லிமீற்றர் வெப்பத் திண்டை எடுத்துவிட்டு 1.5 மில்லிமீற்றர்த் திண்டை வைத்திருந்தார். அந்த அரை மில்லிமீற்றர் தகட்டைத் தூக்கிப் பிடித்திருந்தது. உரிய திண்டையும் புதிய பசையையும் இட்டபின் அதே வேலையில் இருபது நிமிடம் கடந்து 84 பாகை. தாய்ப்பலகை இன்றும் உழைக்கின்றது.

வேலை செய்யும் முறை பற்றிச் சில சொல்லவேண்டும். பொறியை அணைத்து, மின்வழங்கியை நீக்கி, கழற்றக்கூடிய பற்றறியை முதலிற் கழற்றவேண்டும். உள்ளே பதிக்கப்பட்ட பற்றறியாயின் அதன் இணைப்பை விடுவிக்கவேண்டும். பற்றறி உப்பியிருந்தால் ஏனைய வேலையெல்லாம் பின்னர்தான். அதனைக் குத்தாமலும் அழுத்தாமலும் அகற்றிப் புறத்தே வைக்கவேண்டும். திங்க்பாட் வரிசைக்குரிய பராமரிப்புக் கைநூல்களை லெனோவோ வெளியிட்டுள்ளது. எத்திருகாணி எவ்விடத்தது, எதன்பின் எதைக் கழற்றுவது என்பன அவற்றிலே படத்துடன் உள்ளன; எமது பதிப்பாசிரியர் சிலருக்கு இத்தகைய ஒழுங்கு வாய்த்திருக்கலாமே என்று எண்ணத் தோன்றும். கழற்றிய திருகாணிகளைத் தாளிலே வரைந்த இடத்தின்மேல் வைப்பது எளிய முறை. நீளத் திருகாணியைக் குறுந்துளையில் முடுக்கித் தாய்ப்பலகையைத் துளைத்தோரும் உளர்.

தூசியை அகற்றுகையில் விசிறியின் இதழை விரலாற் பிடித்துக்கொள்ளவேண்டும். ஊதும் காற்றில் அதனைத் தாறுமாறாகச் சுழலவிட்டால் அச்சுத் தாங்கி பழுதடையும். மூடியபடியே வெளித்துளையில் ஊதுவதனால் தூசிக் கம்பளி அசைந்து கொடுக்குமேயன்றி வெளியே வராது. பழைய பசையை ஐசோப்புரொப்பைல் அற்ககோல் நனைத்த, நூல் உதிராத துணியாற் துடைத்து, உலர்ந்தபின் நெல்மணியளவு புதிய பசையை மெல்லிய படலமாகச் சில்லின்மேற் பரப்பவேண்டும். வெப்பத் திண்டுகளைக் கழற்றுமுன் அவற்றின் தடிப்பை அளந்து குறித்துக்கொள்வது எத்துணை அவசியம் என்பதை மீண்டும் கூறவேண்டியதில்லை. தகட்டின் திருகாணிகளை ஒன்றை முழுதும் முடுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்கவேண்டும். தகட்டிலே வரிசையெண் பொறித்திருந்தால் அதுவே வழி. திரவ உலோகம் எனப்படும் பசையின் புகழைக் கேட்டு மயங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: அதிலுள்ள கலியம் அலுமினியத்தை அரித்துவிடும், அது மின்னையும் கடத்துமாதலால் ஒரு துளி சிந்தினாலும் கேடு. வெப்பக்குழாயில் ஐயமிருப்பின், கழற்றிய நிலையில் அதன் ஒரு முனையைச் சுடுநீரிற் பிடித்தால் மறுமுனை சில செக்கன்களில் சுடவேண்டும். சுடவில்லையெனில் அக்குழாய் செத்துவிட்டது; எப்பசையாலும் பயனில்லை.

இவ்வளவுஞ் செய்தபின்னும் சுமை மிகையென்றால் முன்னர்க் கூறிய கணக்கை மறுதலையாக்கலாம். வேகத்தைச் சற்றுக் குறைத்தால் வெப்பம் அதனினும் பன்மடங்கு குறையும். விண்டோஸின் மின்சக்தித் தெரிவுகளில் செயலியின் உச்ச நிலையை 100 இலிருந்து 99 வீதமாக்கினால், இப்பழைய இன்டெல் செயலிகள் தமது மிகைவேக நிலைக்குச் செல்லாது நின்றுவிடும். ஐ5-3320எம் 3.3 கிகாஹேர்ட்ஸ் வரை ஓடாமல் 2.6 இல் நிற்கும். எழுதுவோருக்கு இவ்வேறுபாடு தெரிவதேயில்லை. மெத்தையின்மேல் வைத்து அடிப்புறக் காற்றுவாயை அடைக்காதிருத்தல், பின்புறத்தை இரண்டு விரற்கடை உயர்த்திவைத்தல் என்பன பணமே வேண்டாத மருந்துகள்.

இதுவரை கூறியன பௌதிகத் தேய்மானத்தைச் சார்ந்தன. அது ஒரு பிற்பகல் உழைப்பிற்குக் கட்டுப்படுகின்றது. மற்றைய தேய்மானமோ பொறிக்குள்ளே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 2012 இல் வந்த அச்செயலிகளுடன் இணைந்த வரைகலைப் பகுதி, 2003 இல் உருவான எச்.264 என்னும் முறையிற் சுருக்கப்பட்ட காணொளியைத் தனிச்சுற்றின் மூலம் சிரமமின்றி விரிக்கும். 2013 இல் வந்த வீ.பி.9, 2018 இல் வந்த ஏ.வி.1 ஆகிய முறைகளுக்கு அதனிடம் தனிச்சுற்று இல்லை. யூரியூப் முதலிய தளங்கள் இப்புதிய முறைகளுக்கு மாறியபோது, அதே விரிவுரைக் காணொளியை விரிக்கும் சுமை முழுவதும் நுண்செயலியின் கருக்கள்மீது விழுந்தது. தூசியில்லை, பசை புதிது, விசிறி நன்று. ஆயினும் பொறி கொதிக்கின்றது. மாறியது பொறியன்று, பொறியைச் சூழ்ந்த உலகம். உலாவியில் எச்.264 ஐயே கேட்டுப்பெறும் சிறு நீட்சியொன்றை நிறுவியதும் வெப்பம் இறங்குவதைக் கண்கூடாகக் காணலாம். புதிய சுருக்கமுறைகள் அலைவரிசையை மிச்சப்படுத்துகின்றன என்பது உண்மை. தரவுக்குப் பணம் எண்ணிக் கட்டும் எம்மவருக்கும் அதனால் நன்மையுண்டு. ஆனால் அந்த மிச்சத்தின் ஒரு பங்கு, பழைய பொறி வைத்திருப்பவரின் விசிறியில் ஓசையாக ஒலிக்கின்றது.

இயங்குதளத்தின் நிலையும் அதுவே. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 ஓ, பொதுவாக இன்டெலின் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் பொறி ஒரு திகதியிலே ‘பழையது’ ஆகிவிட்டது. லினக்ஸுக்கு மாறுவோர் தப்பிக்கொள்கின்றனர். எம்மிடமுள்ள எழுத்துணரி வேலைக்கு டெசராக்ட் அங்கும் நன்றாகவே ஓடுகின்றது.

சிலவேளை ஒரே செயலில் பாதுகாப்பும் இழப்பும் பின்னிக் கிடக்கின்றன. நான்காந் தலைமுறைக்குப் பிற்பட்ட இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில், வோல்ற்றளவை மென்பொருள் மூலம் சற்றுக் குறைத்து வெப்பத்தைத் தணிக்கும் வழக்கம் இருந்தது. 2019 டிசெம்பரில் ‘பிளண்டர்வோல்ட்’ எனப் பெயரிடப்பட்ட பாதுகாப்புக் குறை வெளிப்பட்டதன்பின், திருத்தங்கள் பல பொறிகளில் அவ்வழியை அடைத்துவிட்டன. குறை மெய்யானது, திருத்தமும் வேண்டியதே. ஆனால் வீட்டில் வைத்து எழுதுபவர் தன் பொறியின் வோல்ற்றளவைத் தானே தீர்மானிக்கும் உரிமையும் அதனோடு போயிற்று.

இவற்றைக் கொண்டு, எல்லாம் முதலாளிகளின் சதியென்று முடிவுகட்டும் வரட்டுவாதத்திற்கு நாம் உடன்படவில்லை. தூசியை முதலாளித்துவம் உற்பத்தி செய்யவில்லை. நுண்செயலிகளும் நினைவகமும் பலகையோடு ஒட்டப்படுவதற்குத் தொழினுட்பக் காரணங்களும் உண்டு. குறைந்த மின்சக்தியில் இயங்கும் நினைவகச் சில்லுகள் செயலிக்கு மிக அண்மையில் இருப்பதை வேண்டி நிற்பன. ஆயினும் பல காரணங்களுள் எவை தெரிவுசெய்யப்படுகின்றன என்பதைத் தீர்மானிப்பது தொழினுட்பம் மட்டுமன்று. 2015 இல் வந்த இன்டெலின் ஐந்தாந் தலைமுறையிலிருந்து மடிக்கணினிச் செயலிகள் கழற்றிப் பொருத்தும் வகையில் வெளிவருவது நின்றுபோயிற்று. அதுவே பலரறிந்த வழமையும் ஆயிற்று. கழற்றக்கூடிய மெல்லிய நினைவகப் பலகை செய்யமுடியும் என்பதோ, 2024 இல் எல்.பி.கம்2 வகையைத் தாங்கிய மடிக்கணினி சந்தைக்கு வந்தபோது தெளிவாயிற்று. பிரான்ஸ் 2021 ஜனவரி முதல், மடிக்கணினி உட்பட்ட சில பொருள்களின்மீது பத்துக்கு இத்தனை என்ற திருத்துதகவுச் சுட்டெண்ணைக் குறிக்குமாறு சட்டம் செய்தது. கைநூல் கிடைக்கின்றதா, எளிதிற் கழற்றமுடியுமா, உதிரிப்பாகம் உண்டா, அதன் விலை என்ன என்பன அச்சுட்டெண்ணின் அளவுகோல்கள். 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய திருத்துரிமைப் பணிப்புரையின் தொடக்கப் பட்டியலிலே கைத்தொலைபேசியும் சலவைப் பொறியும் இருக்க, மடிக்கணினி இடம்பெறவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். எமது நாட்டிலே திருத்துநரின் நுண்ணறிவு சட்டத்தின் துணையோ கைநூலின் துணையோ இன்றி, கைப்பழக்கத்தாலேயே வளர்ந்திருக்கின்றது. தாய்ப்பலகை போய்விட்டது என்று எமக்குச் சொன்னவரையும் நாம் குறைகூறமாட்டோம். அரை மணித்தியாலம் அளந்துபார்ப்பதற்கு அவருக்கு யார் கூலி கொடுக்கின்றார்கள்?

திருத்தி மூடியபின் அதே வேலையை, அதே அறையில், அதே நேரம் ஓட்டி மீண்டும் அளக்கவேண்டும். அறையின் வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்காத அளவு ஒப்பீட்டுக்கு உதவாது. நீடித்த கடும் வேலையில் 90 பாகைக்குக் கீழ் நின்றால் இவ்வயதுப் பொறிக்கு அது போதும். அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி எமது பொறியின் அடிப்புறத்தில் ஒட்டிவைத்திருக்கின்றோம். இறுதி வரி பங்குனியில் எழுதப்பட்டது: அறை 31, நுண்செயலி 86, வருடிய பக்கம் 212. அடுத்ததைப் புரட்டாதியில் எழுதவேண்டும். அதற்குமுன் விசிறியை ஒருமுறை துடைக்கவேண்டும்.